பாடம் முன்னே, விவாதம் பின்னே



1889-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டபின், வில்லியம் ஆஸ்லர் முதலியோர் வகுத்த முறையின்படி, பட்டம் பெற்ற இளம் வைத்தியர்கள் அங்கேயே தங்கி, நோயாளியின் கட்டிலருகே நின்று தொழில் பயின்றார்கள். இன்றைய உறைவிட மருத்துவப் பயிற்சிக்கு அதுவே அஸ்திவாரம். பின்னாளில் மண்டபப் பிரசங்கமும் அதனோடு வந்து ஒட்டிக்கொண்டது. நண்பகலில் கையில் உணவுப் பொட்டலமும் இடுப்பில் அழைப்புக் கருவியுமாக வந்தமரும் உறைவிட மருத்துவர், கருவி அலறியதும் எழுந்தோடித் திரும்புவதற்குள், பேராசிரியர் ஓர் அத்தியாயத்தையே முடித்திருப்பார். இரவுப்பணி முடித்து உறங்கப் போனவருக்கோ அந்தப் பாக்கியமும் இல்லை.

இதே சிக்கலுக்குப் பள்ளிக்கூடம் ஒன்றில் வழி பிறந்தது. 2007-இல் கொலராடோ மாநிலத்து உட்லண்ட் பார்க் பள்ளியின் ரசாயன ஆசிரியர்களான ஜொனாதன் பெர்க்மனும் ஆரன் சாம்ஸும், வகுப்புக்கு வர இயலாத மாணவர்களை உத்தேசித்தே தங்கள் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அதிலிருந்துதான் பாடத்தை வீட்டிலும் பயிற்சியை வகுப்பிலும் வைக்கும் தலைகீழ் முறை அவர்களிடம் உருவாயிற்று. வராதிருப்பதே தொழில்தர்மமாக அமைந்துவிட்ட உறைவிட மருத்துவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை ஏது?

ரத்தத்தில் சோடியம் குறைவதை எடுத்துக்கொள்வோம். அதன் காரணங்களையும் வகைகளையும் கால்மணி நேரக் காணொளியில் கண்டுவிட்டு வந்தவர்களிடம், நீர்பிரியும் மாத்திரை உட்கொண்டுவந்த மூதாட்டி ஒருவர் வலிப்புடன் வந்திருக்கிறார், சோடியம் 108 என்று ஆசிரியர் சொல்லி நிறுத்துகிறார். மூன்று சதவிகித உப்புநீரை உடனே ஏற்ற வேண்டும் என்கிறார் ஒருவர். விரைந்து ஏற்றினால் மூளைத்தண்டு பழுதாகுமே என்று அஞ்சுகிறார் மற்றொருவர். வலிப்பு நிற்க முதல் நாலைந்து புள்ளிகளை வேகமாகவும், அதன்பின் ஒரு நாளில் மொத்தம் எட்டுக்கு மேற்படாமல் நிதானமாகவும் உயர்த்த வேண்டும் என்று இருவரும் இணங்கும் தருணத்தில், "ஆறு மணி நேரம் கழித்துச் சிறுநீர் வெள்ளமாய்ப் போகிறது, சோடியம் தானாகவே ஏறிவிட்டது, இனி?" என்று ஆசிரியர் கேட்கிறார். ஏற்றியதை இறக்கவும் வேண்டிவரும் என்பது அந்த மௌனத்தில்தான் புலப்படுகிறது. மேடைப்பேச்சால் அது கைகூடாது. மேடையில் நின்றுகொண்டு நானே இதைச் சொல்வது வேடிக்கைதான்!

ஆயினும் ஓர் ஆட்சேபம் நியாயமானது. அமெரிக்காவில் 2003-இல் உறைவிட மருத்துவரின் வேலைக்கு வாரத்துக்கு 80 மணி நேரம் என வரம்பு கட்டிய பிறகும், அந்த எண்பதே மனிதனைச் சக்கையாக்கப் போதுமானது. மிஞ்சிய நேரத்திலே காணொளியையும் பார் என்பது உறக்கத்தைக் களவாடுவதேயாகும். ஆதலால், இங்கே வந்திருக்கும் நிர்வாகிகளை நான் வேண்டுவது இதுதான்: பணிப்பட்டியல் எழுதும்போது, காணொளிக்கும் விவாதத்துக்கும் உரிய நேரத்தை வேலை நேரமாகவே குறியுங்கள், அவ்வேளையில் வார்டு அழைப்பை ஏற்பவர் யார் என்பதையும் பெயரோடு எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால், முதல் வாரத்திலேயே அழைப்பு பழைய ஆளிடம் வந்து நிற்கும்.