கூலியைக் கேட்பது குற்றமல்ல

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆசைப்பட்ட பத்திரிகை வேலை எனக்குக் கிடைச்சது. சம்பளத்தைச் சொன்னாங்க. 'கொடுத்ததே பெரிசு' என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். பக்கத்து மேசைக்காரருக்கும் அதே சம்பளம்தான். ஆனால் அவருக்கு நகரத்தில் சொந்த வீடு. எனக்கோ வாடகை, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம். குறைந்த சம்பளத்தில் பிடித்த வேலை பார்க்கவும் ஒரு வசதி வேண்டியிருக்கு.

ஒரு கணக்குச் சொல்றேன், எழுதிக்குங்க. ஒருவர் 15,000 ரூபாயில் தொடங்குகிறார். இன்னொருவர் பேசி 20,000 வாங்குகிறார். இருவருக்கும் ஆண்டுக்கு 10 சதவீத உயர்வு. ஐந்து உயர்வுக்குப் பிறகு அந்த 5,000 வித்தியாசம் 8,000 ஆகிவிடும்.

ஆகவே கையெழுத்துக்கு முன்னாடியே கேளுங்க. அதே வேலைக்கு மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போங்க. பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வரும் என்று கேளுங்க. வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லாதீங்க, செய்யப்போகிற வேலையைச் சொல்லுங்க. இப்போது முடியாது என்றால், ஆறு மாதத்தில் சம்பள உயர்வு என்பதை நியமனக் கடிதத்தில் எழுதி வாங்குங்க.

கேட்க நமக்கு ஏன் நாக்கு எழவில்லை? கூலி கேட்ட பாட்டன்மாருக்கு அடி விழுந்தது. நெல்கூலியை உயர்த்தக் கேட்ட கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை எரித்தார்கள். அந்தப் பயம் இன்னும் நம் தொண்டையில் இருக்கு. ஆனா அவங்க கேட்டாங்க, தோழர்களே. குளிர்சாதன அறையில் நாற்காலி போட்டுக் கூப்பிடுகிற இடத்தில் நாம கேட்கக் கூடாதா?