இயந்திரத்தோடு ரயிலேறியவர்கள்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எச்.ஏ.எல். விமான ஆலையை விட்டுவிட்டுப் பெங்களூர்த் தொழிலாளியின் வரலாற்றைப் பேச முடியாது. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு அதைத் தொடங்கினார். இயந்திரங்கள் அமெரிக்காவிலிருந்து வந்தன. அதற்கு வழிசெய்த வில்லியம் பாலி என்ற அமெரிக்கர் சீனாவிலும் ஒரு விமான ஆலை நடத்தியவர். ஜப்பானியர் நெருங்க நெருங்க அந்த ஆலை ஹாங்சௌவை விட்டு வூஹானுக்கும், பிறகு பர்மா எல்லையிலுள்ள லோய்விங்குக்கும் ஓடியது. லோய்விங்கில் ரயில் கிடையாது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது ஆலையைக் கைவிட்டார்கள்.

ரயில் இருந்த நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 1941 ஜூன் 22 அன்று ஹிட்லரின் படை சோவியத் நாட்டுக்குள் நுழைந்தது. இரண்டே நாளில், ஆலைகளைக் கிழக்கே அனுப்ப ஒரு குழு அமைத்தார்கள். போர்முனைக்குப் படையை ஏற்றிச் சென்ற வண்டிகள் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு திரும்பின. ஆண்டு முடிவதற்குள் 1,523 பெரிய ஆலைகள் இடம்பெயர்ந்தன. ஓடிய வேகன்கள் ஏறத்தாழ 15 லட்சம்!

கார்க்கோவ் நகரில் ரயில் எஞ்சின் செய்த ஆலைதான் டி-34 டாங்கியையும் செய்தது. அதன் கடைசி வண்டி அக்டோபரில் புறப்பட்டது. ஊரல் மலைப் பக்கம் நிஸ்னி தாகிலில் இருந்த வேகன் ஆலைக்குள் இயந்திரங்களை இறக்கினார்கள். டிசம்பரிலேயே 25 டாங்கிகள் வெளிவந்தன.

புத்தகங்கள் வேகனை எண்ணுகின்றன, டாங்கியை எண்ணுகின்றன. நாம் கேட்பது வேறு. லேத்தைக் கழற்றி ஏற்றலாம். அதை ஓட்டும் கையை? தொழிலாளியையும் பெண்டு பிள்ளைகளையும் கூட்ஸ் வண்டியில் ஏற்றினார்கள். போன இடத்தில் வீடில்லை. மண்ணைத் தோண்டி, அந்தக் குழிக்குள் பனிக்காலத்தைக் கழித்த குடும்பங்கள் ஏராளம். ஆண்கள் போருக்குப் போனபின் லேத்துக்கு முன் நின்றவர்கள் பெண்களும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளும்தான். போர்த்தொழில் ஆலையை விட்டு ஓடினால் 5 முதல் 8 ஆண்டு சிறை என்று 1941 டிசம்பரில் சட்டம் போட்டார்கள். தொழிலாளர் அரசு என்று சொல்லிக்கொண்ட நாட்டில்தான் இது!

நம் ஊருக்கு வருவோம். 1942இல் எச்.ஏ.எல்.லை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 1943இல் அமெரிக்க விமானப்படை நடத்த ஆரம்பித்தது. போர் விமானங்கள் இங்கே பழுது பார்க்கப்பட்டன. போர் முடிந்ததும் அதே ஆலை ரயில் பெட்டி செய்தது. பிறகு அந்த வேலை, 1964இல் ஏற்பட்ட பி.இ.எம்.எல். கைக்குப் போனது. அங்கே வேகன் ஆலை டாங்கி செய்தது. இங்கே விமான ஆலை ரயில் பெட்டி செய்தது. இயந்திரத்துக்கு எல்லா ஊரும் சொந்த ஊர்தான். நமக்கு?

இன்றும் ஓர் ஆலையை மூடினாலோ வேறூருக்கு மாற்றினாலோ, எந்த இயந்திரம் எங்கே போகிறது என்று பட்டியல் எழுதுகிறார்கள். காண்டிராக்ட் தொழிலாளியின் குடும்பம் எங்கே போயிற்று என்று யார் எழுதுகிறார்கள்?

நாமே எழுதுவோம். சங்கத்தில் ஒரு பேரேடு திறக்கிறோம். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த ஆண்டு, எந்த ஆலை, என்ன வேலை என்று பதியப்போகிறோம். போர்க்காலத்தில் இங்கே உழைத்த பாட்டன் பாட்டியின் டோக்கனோ, சம்பளச் சீட்டோ, புகைப்படமோ வீட்டுப் பெட்டியில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்து வாருங்கள். பார்த்து எழுதிக்கொண்டு கையோடு திருப்பித் தந்துவிடுவோம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் நாலு பேர் உதவிக்கு வேண்டும்.