இருபத்தைந்து மீட்டர்



தொழில் அனுபவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு கோபுரத்தைப் பற்றிப் பேசுகிறேன். கோயில் கோபுரம் இல்லைங்க.

மூன்றாம் ஆண்டு படிக்கும்போது நம்ம நூலகத்தில் அட்டை கிழிந்த நிலவியல் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். அதில் ஒரு படம்: கடலோரச் செங்குத்துப் பாறை, அதன் விளிம்பில் பாழடைந்த வட்டக் கோபுரம். கிளாவல் டவர், கிம்மரிட்ஜ், இங்கிலாந்து. 'இது எப்போ விழும்?' என்று அன்றைக்கே ஹாஸ்டலில் பந்தயம் கட்டினோம்.

2023-ல் அலுவலக வேலையாக அந்த நாட்டுக்குப் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை தேடிக்கொண்டு போனேன். தென் கடற்கரையில் டார்செட் பகுதி. கிம்மரிட்ஜ் விரிகுடாவிலிருந்து கரையோர நடைபாதையில் மேலே ஏறணும். காற்று ஆளைத் தள்ளுகிறது.

1830-ல் ஜான் ரிச்சர்ட்ஸ் கிளாவல் என்ற பாதிரியார் கட்டியது. 35 அடி உயரம், கீழே சுற்றிலும் தூண்கள். உபயோகத்தைப் பார்க்காமல் ஆசைக்குக் கட்டும் இப்படிப்பட்ட கட்டடத்துக்கு அங்கே 'ஃபாலி' என்று பெயர். முட்டாள்தனம் என்று அர்த்தம்! பின்னாளில் கடலோரக் காவலர்கள் அதில் நின்று கண்காணித்தார்கள். 1930-களில் தீப்பிடித்து உள்ளே எல்லாம் போயிற்று. அப்புறம் எழுபது வருஷம் போல் பாழ்தான்.

பாழைப் பார்க்கப் போனவனுக்கு எதிரே பளிச்சென்று ஒரு கோபுரம். விளிம்பிலும் இல்லை. இடம் தவறி வந்துவிட்டேனோ என்று, நாயோடு வந்த ஒரு பெரியவரைக் கேட்டேன். "நீங்கள் சரியாகத்தான் வந்திருக்கிறீர்கள். கோபுரம்தான் இடம் மாறியது" என்றார்.

அந்தப் பாறை கருப்பு ஷேல். தட்டுத் தட்டாகக் களிமண், உதிர்ந்துகொண்டே இருக்கும். வடகடல் எண்ணெய்க்கு மூலமே இந்த கிம்மரிட்ஜ் களிமண்தான். அந்த விரிகுடாவிலேயே 1959-ல் எண்ணெய்க் கிணறு தோண்டியிருக்கிறார்கள். சரி, அடியில் சுவர் கட்டித் தடுக்கலாமே என்று நாம் கேட்போம். அந்தக் கடற்கரை 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பாறை சரியச் சரியத்தான் உள்ளே இருக்கும் புதைபடிவங்கள் வெளியே வரும். கடலைத் தடுத்தால் அந்தச் சிறப்பே போய்விடும்.

அதனால் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை கோபுரத்தையே பிரித்தது. 2006-ல் ஆரம்பித்து 2008-ல் முடித்தார்கள். மொத்தம் 16,272 கற்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த வரிசையிலேயே 25 மீட்டர் உள்ளே தள்ளி, புது அஸ்திவாரத்தில் திரும்ப அடுக்கினார்கள். இன்று அதில் வாடகைக்குத் தங்கலாம்.

தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியைத் தின்ன முடியாமல் வைத்துவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். சாலை அகலப்படுத்தும் பணி. வழியில் ஒரு கல் மண்டபம். யார் கட்டியது என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. என்னைப் பார்த்து அறிக்கை தரச் சொன்னார்கள். பத்து நிமிஷம் சுற்றிப் பார்த்து, 'பழுதடைந்தது, இடிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை நிர்ப்பந்திக்கவில்லை. சாப்பாட்டு நேரம், அவ்வளவுதான். டேப் ஜீப்பிலேயே கிடந்தது. மறுநாள் மண்டபம் இல்லை.

தூண் எத்தனை என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது. ஆறா, எட்டா? ஒரு தூணில் மீன் செதுக்கியிருந்தது, அது மட்டும் நினைவிருக்கிறது.

போகிற வழியில் இன்னொரு பழைய சாவடியில் சிவப்புக் குறி போட்டிருக்கிறார்கள். டிசம்பரில் மூன்று நாள் லீவு எடுத்து அதை அளக்கப் போகிறேன். லெவல், டேப், சாக்பீஸ் நான் கொண்டுவருகிறேன். ஸ்டாஃப் பிடிக்கவும் கல்லுக்கு எண் போடவும் ஆள் வேண்டும். வர்ற தம்பி தங்கைகள் சாப்பிட்டு முடித்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.