வகுப்பறை இழந்த ஆசிரியை: ஆல்பர்ட்டா வில்லியம்ஸ் கிங்



ஆலய இசைக்குத் தம் வாழ்நாளைத் தந்த ஓர் ஆசிரியையின் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறது. ஆகவே அதே பணியில் வாழ்ந்து, அதே பணியில் இருக்கும்போதே உயிர் நீத்த ஒரு பெண்மணியைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணினேன். அமெரிக்காவின் அட்லாண்டா நகரைச் சேர்ந்த ஆல்பர்ட்டா வில்லியம்ஸ் கிங். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கின் தாயார் என்று ஒரே வரியில் வரலாறு அவரைச் சொல்லி முடித்துவிடுகிறது. அந்த ஒரு வரி போதாது என்பதே என் கருத்து.

எபெனேசர் பாப்டிஸ்ட் ஆலயத்தின் போதகர் ஆடம் டேனியல் வில்லியம்ஸின் மகள் அவர். ஹாம்ப்டன் கல்வி நிலையத்தில் படித்து 1924இல் ஆசிரியர் சான்றிதழ் பெற்றார். சிறிது காலம் பள்ளியில் கற்பிக்கவும் செய்தார். ஆனால் மணமான பெண்கள் ஆசிரியப் பணியில் நீடிக்கக் கூடாது என்பது அந்நகரப் பள்ளிகளின் அன்றைய விதி. 1926 நவம்பரில் திருமணம். அதோடு வேலையும் போயிற்று. அதற்குப் பிறகும் படிப்பை விடாமல், மூன்று குழந்தைகளை வளர்த்துக்கொண்டே, 1938இல் மாரிஸ் பிரவுன் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

பள்ளிக்கூடம் கதவை அடைத்தது. ஆலயமே அவருக்கு வகுப்பறை ஆயிற்று. 1931இல் தந்தை மறைந்தபின் கணவர் எபெனேசரின் போதகரானார். 1932 முதல் ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆல்பர்ட்டா அங்கே ஆர்கன் வாசித்தார். பாடகர் குழுவை உருவாக்கிப் பயிற்றுவித்தார். ஆராதனை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்காக வாரநாட்களில் குரல்களைப் பிரித்து, சுருதி சேர்த்து, வரி வரியாகப் பாடவைக்கும் உழைப்பு கேட்பவர் கண்ணில் படுவதில்லை. வீட்டிலும் பியானோ இருந்தது. மகன் மார்ட்டின் சிறுவனாக ஆலயக் கூட்டங்களில் தனித்துப் பாடியபோது, உடன் வாசித்தவர் அம்மாதான்.

அவர் கற்பித்த பாடங்களில் ஒன்றை மகன் பின்னாளில் எழுதியிருக்கிறார். வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளோடு இனி விளையாட முடியாமற்போக, சிறுவன் மார்ட்டின் காரணம் புரியாமல் அம்மாவிடம் கேட்டான். அவர் அவனை மடியில் அமர்த்தினார், மழுப்பவில்லை. அடிமை முறை எப்படி வந்தது, உள்நாட்டுப் போர் அதை எப்படி முடித்தது, அதன்பின் நிறப்பிரிவினை எப்படி முளைத்தது என்று விளக்கினார். இது மனிதர் ஏற்படுத்திய நிலைமை, இயற்கை வகுத்த நியதி அன்று. நீ எவருக்கும் குறைந்தவன் அல்லன் என்றார். தேர்ந்த ஆசிரியை ஒருவரின் பாடம் அது.

அவரைக் குறையற்றவராகக் காட்டி மாலை சூட்டுவது என் நோக்கமன்று. 1939 டிசம்பரில் 'கான் வித் தி விண்ட்' திரைப்பட வெளியீட்டு விழாவையொட்டி வெள்ளையருக்காக ஒரு நடன விருந்து நடந்தது. அதில் எபெனேசர் பாடகர் குழு அடிமைகளின் உடையணிந்து பாடியது. தலைமை தாங்கியவர் ஆல்பர்ட்டா. குழுவில் பத்து வயது மார்ட்டினும் இருந்தான். கறுப்பினச் சமூகத்துக்குள்ளேயே இதற்குக் கண்டனம் எழுந்தது. நிறவெறி எவ்வளவு இறுக்கமான எல்லைகளுக்குள் அந்த மக்களை வைத்திருந்தது என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்று.

அந்த எல்லைகளை உடைக்கவும் பாட்டு உதவியது. 1955 டிசம்பர் 5 அன்று, நிறப்பிரிவினையை எதிர்த்து நடந்த மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பின் முதல் பெருங்கூட்டம் ஓர் ஆலயத்தில் கூடிற்று. பாமாலையோடும் ஜெபத்தோடும்தான் அது தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் பாடும் பழக்கம் ஒரே இரவில் வந்ததன்று. ஊருக்கு ஊர் ஆர்கன் முன்னும் பியானோ முன்னும் அமர்ந்திருந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்தது. ஆல்பர்ட்டா அவர்களில் ஒருவர்.

1968இல் மார்ட்டின் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு இளைய மகன் ஆல்ஃபிரட் டேனியல் நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார். அதற்குப் பின்னும் அந்தத் தாய் ஆலயத்துக்கு வந்தார், வாசித்தார். 1974 ஜூன் 30, ஞாயிறு ஆராதனை. ஆர்கனில் பரமண்டல ஜெபத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து எழுந்த 23 வயது இளைஞன் அவரைச் சுட்டுக் கொன்றான். எட்வர்ட் பாய்கின் என்ற ஆலய உதவிக்காரரும் (டீக்கன்) மாண்டார். கொலையாளிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கிங் குடும்பத்தார் மரண தண்டனையை எதிர்ப்பவர்கள். அந்த எதிர்ப்பும் ஒரு காரணமாக, பின்னர் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. பரமண்டல ஜெபம் கேட்கும் மன்னிப்பை அந்தக் குடும்பம் செயலில் காட்டியது.

இங்கே கூடியிருப்போரில் ஆலய வரலாறும் பள்ளி வரலாறும் எழுதுவோர் பலர் இருக்கிறீர்கள். ஆண்டு விழா மலர்களில் போதகர், தலைமையாசிரியர் பெயர்கள் வரிசையாக இடம்பெறுகின்றன. ஆர்கன் வாசித்தவர் யார், பிள்ளைகளுக்குப் பாடக் கற்றுக்கொடுத்தவர் யார் என்பதையும் அந்த மலர்களில் எழுதிவையுங்கள். அவர்களிடம் கற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். இதுவே என் வேண்டுகோள்.