அளவறிந்து கலப்போம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கார் கழுவும் சவர்க்காரத்தில் எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும் என்பதுதான் அது. "நம் லயத்தில் காருக்கு எங்கே போவது? இது நமக்கு எதற்கு?" என்று வானொலியை மூடிவிடாதீர்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போகும் நம் பிள்ளைகள் பலருக்கு முதலில் கிடைக்கும் வேலைகளில் இதுவும் ஒன்று. ஜொகூர் பாருவை அடுத்துள்ள பெர்மாஸ் ஜெயாவில் என்னிடம் படித்த பையன்களே இந்த வேலை செய்கிறார்கள். உள்ளூர்க் கார்கள் மட்டுமல்ல, சிங்கப்பூரிலிருந்து பாலம் கடந்து வரும் கார்களையும் நம் பிள்ளைகளின் கைகள்தாம் கழுவுகின்றன.

அப்படி வேலைக்குப் போன ஒரு மாணவன் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தான். வலக்கை விரல்கள் மூன்றில் கட்டுப் போட்டிருந்தான். கார்ச் சக்கரத்துக் கறையை எடுக்கும் மருந்தைக் கையுறை இல்லாமல் கலந்திருக்கிறான். பகலில் ஒன்றும் தெரியவில்லை. இரவு படுத்த பிறகு நகக்கண்ணுக்குள் வலி எடுத்து, விடியற்காலையில் மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறான். போதாததற்கு, மருந்து அதிகமாகி ஒரு காரின் அலுமினியச் சக்கரம் மங்கிப்போனதென்று முதலாளி அவன் சம்பளத்தில் பிடித்துவிட்டார்.

"எவ்வளவு மருந்து ஊற்றினாய்?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் ஊத்தினா போதும்னு அங்க இருந்த அண்ணன் சொன்னாரு, சார். கொஞ்சம்னா எவ்வளவுன்னு யாரும் சொல்லல" என்றான்.

நேயர்களே, இந்தப் பதில் என்னைச் சுட்டது. ஏனென்றால், விகிதம் என்னும் பாடத்தை அவனுக்கு நடத்தியவன் நான். மாம்பழத்தையும் பென்சிலையும் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன்; அவனும் சரியாகச் செய்து மதிப்பெண் வாங்கினான். அந்தக் கணக்கு ஒரு வாளிக்குள்ளும் இருக்கிறது என்பதை மட்டும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் கடனைத்தான் இன்று தீர்க்க வந்திருக்கிறேன். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தாய்மார்களே, நீங்கள் சோறு வடிக்காமல் பொங்கும்போது என்ன செய்கிறீர்கள்? ஒரு பால் டின் அரிசிக்கு இரண்டு டின் தண்ணீர் வைக்கிறீர்கள். இதுதான் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம். பானைக்குள் போனது மொத்தம் எத்தனை டின்? மூன்று. அரிசி அதில் மூன்றில் ஒரு பங்குதான், பாதியன்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கணக்கு முடிந்துவிட்டது.

கலன்களின் மீது '1:10' என்று அச்சிட்டிருப்பார்கள். மலாய் மொழியில் இதை 'நிஸ்பா' என்பார்கள். ஒரு பங்கு மருந்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்பதே இதன் வழக்கமான பொருள். ஆகவே மொத்தம் பதினொரு பங்கு. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். பத்து லிட்டர் வாளியில் ஒரு லிட்டர் மருந்தை ஊற்றி, மீதியைத் தண்ணீரால் நிரப்பிவிட்டு, ஒன்றுக்குப் பத்து கலந்ததாக நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒன்றுக்கு ஒன்பது. இந்தத் தவறு சிறியதுதான். ஆனால் சக்கரக் கறைக்கு ஒன்றுக்கு நான்கு என்று சொல்லியிருக்கும்போது, நான்கு லிட்டர் பாத்திரத்தில் ஒரு லிட்டர் ஊற்றி நிரப்பினால் அது ஒன்றுக்கு மூன்றாகிவிடும். மருந்து எவ்வளவு கடுமையானதோ, தவறும் அவ்வளவு பெரிதாகும்.

ஆகவே வழி இதுதான். முதலில் இரண்டு எண்களையும் கூட்டுங்கள். உங்களுக்கு வேண்டிய மொத்த அளவை அந்தக் கூட்டுத்தொகையால் வகுங்கள். வருகிற விடைதான் மருந்தின் அளவு, மீதியெல்லாம் தண்ணீர்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஐந்து லிட்டர் கலவை வேண்டும். விகிதம் ஒன்றுக்கு இருபது. கூட்டினால் 21. ஐந்து லிட்டர் என்பது 5,000 மில்லி லிட்டர். அதை 21-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 238 வரும். ஆக, 238 மில்லி மருந்து. மீதி 4,762 மில்லி தண்ணீர். இன்னொன்று: பத்து லிட்டர் வாளி, விகிதம் ஒன்றுக்கு இருநூறு. 10,000-ஐ 201-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 50 மில்லி. ஒரு வாளி முழுவதற்கும் ஐம்பதே மில்லி! கலனைச் சாய்த்துக் கண்ணளவில் 'கொஞ்சம்' ஊற்றுகிறவர் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு ஊற்றிவிடுவார்.

சில கலன்களில் விகிதத்துக்குப் பதில் விழுக்காடு எழுதியிருக்கும். பத்து விழுக்காடு என்றால் மொத்தம் நூறு பங்கில் பத்துப் பங்கு மருந்து. அது ஒன்றுக்கு ஒன்பது; ஒன்றுக்குப் பத்தன்று. ஐந்து விழுக்காடு ஒன்றுக்குப் பத்தொன்பது.

இப்போது பட்டணத்துக் கடைகளில் வெண்ணுரையை மழைபோல் பொழியும் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் ஒரு லிட்டர் புட்டி மாட்டியிருக்கும். இங்கே கலப்பு இரண்டு முறை நடக்கிறது என்பதை அறிய வேண்டும். முதலில் புட்டிக்குள் நாம் கலக்கிறோம். பிறகு இயந்திரத்திலிருந்து வரும் தண்ணீர் அதை மறுபடியும் கலக்கிறது. எவ்வளவு கலக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. புட்டியில் வெறும் தண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றி, ஒரு பெரிய வாளிக்குள் அடியுங்கள். புட்டி காலியாகும்போது வாளியில் பத்து லிட்டர் சேர்ந்திருந்தால், புட்டியின் ஒரு லிட்டரோடு இயந்திரம் ஒன்பது லிட்டர் சேர்த்திருக்கிறது என்று பொருள். அப்படியானால், நூறு மில்லி மருந்து ஊற்றித் தண்ணீரால் நிரப்பிய புட்டி, கார் மீது விழும்போது பத்து லிட்டரில் நூறு மில்லியாக, அதாவது ஒன்றுக்குத் தொண்ணூற்றொன்பதாக இருக்கும்.

"மருந்து கூடினால் அழுக்கு நன்றாகப் போகுமே, அதில் என்ன கெடுதல்?" என்று நீங்கள் கேட்கலாம். போகாது! சவர்க்காரத்தின் ஒவ்வொரு நுண்துகளுக்கும் ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும். மறுமுனை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும். இத்துகள்கள் பல சேர்ந்து அழுக்கைச் சூழ்ந்து தூக்கிக்கொண்டு வருகின்றன. தேவையான துகள்கள் தண்ணீரில் சேர்ந்தபின் மேலும் மேலும் ஊற்றுவதால் சுத்தம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை, நுரைதான் கூடுகிறது. அதை அலசத் தண்ணீர் கூடுகிறது. நம் ஊர் வெயிலில் அது காய்ந்துவிட்டால் காரின் மேல் திட்டுத் திட்டாகக் கறை நிற்கிறது. காரமான மருந்தானால் மெழுகுப் பூச்சு போய்விடும், அலுமினியம் மங்கிவிடும்.

காசுக் கணக்கும் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, இருபது லிட்டர் மருந்து நூறு வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வாளிக்கு 50 மில்லி என்றால் 400 வாளி வரும். ஒரு வாளிக்கு 25 காசு. கண்ணளவில் 150 மில்லி ஊற்றினால் 133 வாளிதான் வரும். ஒரு வாளிக்கு 75 காசு. ஐம்பது காசு சாக்கடைக்குப் போகிறது.

இந்த அளவுக் கணக்கு தோட்டத்து மக்களுக்குப் புதிதா? இல்லவே இல்லை. பால்மரம் வெட்டியவர்களுக்கு 'மெட்ரோலாக்' கருவி நினைவிருக்கும். பாலில் மிதக்கவிட்டு, அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்ப்பார்கள். தண்ணீர் கலந்த பாலை அது காட்டிக் கொடுத்துவிடும். பாலைத் தகடாக உறைய வைக்கும்போதும் முதலில் பாலில் அளந்து தண்ணீர் சேர்த்து, பிறகு தண்ணீரில் கரைத்த பார்மிக் அமிலத்தை அளந்து ஊற்றினார்கள். நம் உழைப்பின் கூலியே அளவில்தான் நின்றது.

ஆனால் நம்மைக் காக்க வேண்டிய இடத்தில் அந்த அளவு இல்லாமல் போனது. 1980-களின் இறுதியில் என் தாயார் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்தார். வீட்டில் அரிசி அளந்தது ஒரு பால் டின். காட்டில் களைக்கொல்லி அளந்ததும் அதே போன்ற ஒரு பால் டின்தான். கையுறை கிடையாது. முகத்தில் ஒரு துணி, அவ்வளவுதான். மாலையில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தால் மருந்து வாடை அடிக்கும். அக்காலத்தில் தோட்டங்களில் பரவலாக அடித்த களைக்கொல்லி பாராகுவாட். அதைத் தடை செய்ய 2002-ஆம் ஆண்டில் மலேசிய அரசு முடிவு செய்தது. 2006-இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் முழுத் தடை வந்தது. தாயின் கைக்கு நேர்ந்தது மகனின் கைக்கும் நேர வேண்டுமா? இதுவே நான் கேட்கும் கேள்வி.

என் மாணவன் கொண்டுவந்து காட்டிய கலனில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் என்று எழுதியிருந்தது. சில சக்கரக் கறை மருந்துகளில் இது உண்டு. தண்ணீர் கலந்து நீர்த்த நிலையிலும் இது தோலுக்குள் இறங்கும். வலி பல மணி நேரம் கழித்தே தெரியும். வலிக்கவில்லை என்பதால் காயமில்லை என்று எண்ணிவிடலாகாது. தண்ணீர் கலந்துவிட்டால் எல்லாம் சாது என்பதும் தவறு. இத்தகைய மருந்து பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள். வலிக்காகக் காத்திராமல், கலனின் சீட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான மாற்று மருந்து தர முடியும்.

வேலைக்குப் போகும் பிள்ளைகள் கைக்கொள்ள வேண்டிய பழக்கங்களைச் சொல்கிறேன். கோடு போட்ட அளவுக் குவளை ஒன்றைக் கடையில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீர், பிறகு மருந்து. மருந்தின் மேல் தண்ணீரைக் கொட்டினால் அது முகத்தில் தெறிக்கும். ஒரு மருந்தோடு இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். குளோரின் வெளுப்பு நீரும் அமிலமும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். கலந்து வைத்த புட்டியில் மருந்தின் பெயரையும் விகிதத்தையும் எழுதி ஒட்டுங்கள். குடிதண்ணீர்ப் புட்டியில் எந்த மருந்தையும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் குழந்தைக்கு எழுத்துத் தெரியாது.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆபத்தான இரசாயனங்களின் கலன்களில் மலாயிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கைச் சீட்டு இருக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி, தொழிலாளிக்கு வேலையின் ஆபத்தை விளக்கிப் பயிற்சி தருவது முதலாளியின் கடமை. அந்தச் சட்டத்தின்படி தரும் பாதுகாப்புப் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. ஆகவே கையுறை கேட்பது பிச்சையன்று, உரிமை.

இன்னும் ஒரு வார்த்தை. கார் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? சாக்கடை வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. பெர்மாஸ் ஜெயாவுக்குக் கிழக்கே பாசிர் கூடாங்கில், 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறிச் சிகிச்சை பெற்றார்கள். அவர்களுள் பள்ளிப் பிள்ளைகள் பலர். 111 பள்ளிகளை மூட நேர்ந்தது. நம் வாளி அவ்வளவு பெரிய குற்றம் செய்வதில்லைதான். ஆயினும், தேவைக்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு குவளையும் அந்தத் தண்ணீரில்தான் சேர்கிறது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பட்டணத்து வேலைக்குப் புறப்படும்போது சட்டைத் துணியோடு ஓர் அளவுக் குவளையும் வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். "கொஞ்சம்" என்று யாராவது சொன்னால், "எத்தனை மில்லி?" என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள். என் மாணவனின் விரல்கள் ஆறிவிட்டன. ஒரு விரல் நுனியில் மட்டும் இன்னும் மரத்த உணர்வு இருக்கிறதாம். அவன் இப்போது வேலை செய்யும் இடத்தில், சுவரில் விகிதக் கணக்கை எழுதி ஒட்டியிருக்கிறான். புதிதாக வரும் பையன்களுக்கு அவனே வாத்தியார்.