கவிஞரின் அடியும் கணிப்பொறி அச்சுக்கோப்பும்



காஞ்சி மாநகருக்கு அச்சுத்தொழில் புதிதன்று. பேரறிஞர் அண்ணா 1942ஆம் ஆண்டில் 'திராவிட நாடு' கிழமை இதழைத் தொடங்கியது இந்த ஊரிலிருந்துதான். அந்நாளில் ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தார்கள். 'கொ' என்னும் ஓர் எழுத்துக்குக் கொம்பு, ககரம், கால் என மூன்று அச்சுகள் வேண்டும். ணா, றா, னா, ணை, லை முதலியவற்றுக்கோ தனித்தனி வடிவங்கள். பெரியார் 1935இல் 'குடிஅரசு' இதழில் கையாண்ட சீர்திருத்தத்தை 1978இல் தமிழக அரசு ஏற்ற பின்னரே அவ்வடிவங்கள் விடைபெற்றன.

கோத்தவர்கள் கைத்திறம் மிக்கவர்கள், அதில் ஐயமில்லை. ஆயினும் கவிஞரின் அடி எங்கே முடிய வேண்டும் என்பதைப் பல வேளைகளில் பக்கத்தின் அகலமே முடிவு செய்தது. நெடிய அடியொன்று இடம் போதாமல் மடங்கிக் கீழே விழும். விழுந்த இரு சொற்களைப் படிப்பவர் புதிய அடி என்று கொள்வார். நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடி இறுதியில் கோடிட்டு நிற்க வேண்டிய தனிச்சொல், மூன்றாம் அடியின் தலையில் ஏறி அமர்ந்தால் வெண்பா என்ன ஆகும் என்பதை இந்த அவைக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கணிப்பொறி வந்த பின்னும் இக்குறை முற்றிலும் நீங்கவில்லை. கோப்பவர் கைமட்டுமே மாறியது.

இதையொத்த மனக்குறை, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு குனூத் என்பாருக்கு 1977இல் ஏற்பட்டது. தம் நூலின் இரண்டாம் தொகுதிக்கு வந்த மெய்ப்புகளின் தோற்றம் கண்டு அவர் மனம் வெதும்பினார். தாமே ஓர் அச்சுக்கோப்பு நிரலை எழுதத் துணிந்தார். ஓராண்டில் முடியும் என எண்ணிய பணி பத்தாண்டை விழுங்கிற்று. அதுவே 'டெக்' எனும் நிரல். இதில் எழுதுவது வெறும் உரை. எது தலைப்பு, எது செய்யுள் என்பதை அவ்வுரையினூடே கட்டளைகளாகக் குறித்துவிட்டால் பக்கத்தை நிரல் அமைத்துக்கொள்ளும். மடங்கும் அடியை உள்தள்ளிக் காட்டும் செய்யுள் அமைப்பு, இதன் வழிவந்த 'லேடெக்'கில் முன்னரே உண்டு. தமிழை ரோமன் எழுத்தில் தட்டி இம்முறையில் அச்சிடுவதற்கான எழுத்துருவை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ரிட்ஜ்வே உருவாக்கித் தந்தார். 2004இல் வந்த 'ஸீடெக்' யூனிகோடு தமிழை நேரே படிக்கிறது.

இனி வருவது இடர்ப்பாடு. எழுத வேண்டும், சேமிக்க வேண்டும், நிரலை ஓட்ட வேண்டும், முன்னோட்டத்தைத் திறக்க வேண்டும். ஒற்றொன்று விடுபட்டிருந்தால் மீண்டும் முதலிலிருந்து. நூறு கவிதைகள் கொண்ட தொகுப்புக்கு இவ்வலைச்சல் எத்தனை முறை! பொறுமை இழந்தவர் திருத்தத்தையே கைவிடுவார். பிழை அச்சேறும்.

இங்கேதான் உரைத்தொகுப்பியைத் தமக்கேற்ப அமைத்துக்கொள்வதன் பயன் தெரிகிறது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட 'குனூ ஈமாக்ஸ்', 'லிஸ்ப்' மொழியால் பயனரே மாற்றியமைக்கத்தக்கது. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'ஆக்டெக்' என்னும் இணைப்பை அதில் சேர்த்துவிட்டால், கண்ட்ரோல் விசையுடன் 'சி' விசையை இருமுறை அழுத்துவது போதும். அடுத்து வேண்டியது கோப்பதா, காண்பதா என்பதை அதுவே ஊகித்து முன்வைக்கும். அச்சிடும் கட்டளையும் அதே பட்டியலில் உண்டு. தமிழுக்கு 'ஸீடெக்'கே வேண்டும் என்பதைத் தொடக்கக் கோப்பில் ஒருமுறை எழுதிவைத்தால் பின்னர் நினைவூட்ட வேண்டியதில்லை. தனிச்சொல்லுக்கென ஒரு கட்டளையை வகுத்து அதற்கொரு விசையையும் ஒதுக்கிக்கொள்ளலாம். கோடும் இடைவெளியும் நூல் முழுவதும் ஒரே சீராய் அமையும். 2008 முதல் வழங்கும் 'சிங்க்டெக்' வசதியால், முன்னோட்டத்தில் பிழையுள்ள அடியைச் சுட்டினால் மூலத்தில் அதே அடி வந்து நிற்கும். இது சிறு செய்தியன்று. மெய்ப்புத் திருத்தியவர்கள் அறிவார்கள்.

காஞ்சி நெசவாளர்க்கு இம்முறை வியப்பளிக்காது. கட்டத்தாளில் கொடியும் அன்னமும் வரைந்து, அதன்படி அட்டையில் துளையிட்டு, அதன் பின்னரே பட்டிழையைத் தறியேற்றுகிறார்கள். பிழையைத் தாளிலேயே காண்பது, நெய்த சேலையில் காண்பதைவிட மலிவு.

பிறிதொன்றும் உண்டு. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் நிறுவனத்துக்கொன்றாய்த் தத்தம் குறியேற்றத்தோடு வந்தன. 1999இல் சென்னையில் கூடிய 'தமிழ்நெட் 99' மாநாட்டுக்குப் பின்னும் அக்குழப்பம் உடனே ஓயவில்லை. அவ்வாறு கோத்த கவிதைத் தொகுப்பின் வட்டு கைக்குக் கிடைத்தாலும், உரிய எழுத்துரு இல்லையேல் திரையில் விளங்காத குறிகளே தெரியும். யூனிகோடில் சேமித்த வெற்றுரைக்கு அத்தகைய பூட்டு இல்லை. எந்தத் தொகுப்பியிலும் திறக்கும். மூலம் கவிஞரிடமே இருக்கும்.

ஆயினும் திரையை முழுவதும் நம்புதல் கூடாது. திரையில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறோம் என்பது மறந்துபோகும். சிறிய எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி தாளில் மங்கிவிடும். புள்ளி மறைந்தால் 'கண்' என்பது 'கண' ஆகும். ஆகவே நூல் முழுவதையும் அச்சுக்கு அனுப்புமுன், ஒரே ஒரு பக்கத்தை உரிய அளவில், அச்சிடவிருக்கும் தாளிலேயே எடுத்து, பகல் வெளிச்சத்தில் புள்ளிகளை எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.