நெஞ்சு அடைச்சா வாயுன்னு விட்டுடாதீங்க!
(அடி அண்ணாமலை மகளிர் குழுக்கள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



மாசா மாசம் சேமிப்பு, கடன்னு பேசுறோம். இன்னைக்கு இதயத்தைப் பத்தி பேசலாம். "படபடப்பு வேற, அடைப்பு வேற தானே?" என்று பலர் கேட்கிறீர்கள். வேறதான். ஆனால் ரெண்டுக்கும் தொடர்பு உண்டு.

போர் மோட்டாரை நினைச்சுக்கோங்க. கரண்டும் வேணும், பைப்பும் வேணும். இதயத்திலும் அப்படித்தான். அதன் மேல் அறையில் உண்டாகும் சின்ன மின்சாரம்தான் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்க வைக்கிறது. அந்த மின்பாதைக்கும் இதயத் தசைக்கும் ரத்தம் கொண்டு வருவது கரோனரி ரத்தக்குழாய்கள். அதில் கொழுப்பு படிந்து அடைத்துக்கொண்டால் தசைக்கு ரத்தம் குறையும், மின்சாரம் தடம் மாறும், துடிப்பு தாறுமாறாகும். சில சமயம் இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும். மாரடைப்பில் பலர் ஆஸ்பத்திரி சேரும் முன்பே இறப்பது இதனால்தான். பிழைத்தவர்களுக்கும் தசையில் தழும்பு இருப்பதால், வருஷம் கழித்தும் துடிப்புக் கோளாறு வரலாம்.

எல்லாப் படபடப்பும் அடைப்பு இல்லை. ரத்தசோகை, தைராய்டு, கவலையாலும் வரும். டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும். படபடப்பு இல்லாத நேரத்தில் எடுத்த ஈ.சி.ஜி.யில் கோளாறு தெரியாமலும் போகலாம். திரும்ப வந்தால் திரும்பப் போங்கள்.

ஆனால் படபடப்போடு நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல், வேர்வை, மயக்கம் இருந்தால் ஓமத் தண்ணி, சோடா குடிச்சிட்டு காத்திருக்காதீங்க. பெண்களுக்கு முதுகு, தாடை வலி, வாந்தி, அசதி மட்டும்கூட அறிகுறியாக வரலாம். உடனே 108-க்கு போன் போடுங்கள். 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் முதல் வேளைக்கு 14 மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அதை நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

பி.பி., சர்க்கரை, புகையிலை மூணும் குழாயைக் கெடுக்கும். 2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பி.பி., சர்க்கரை பார்ப்பவர்களும் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். "வேலை இருக்கு, அப்புறம் வா"ன்னு அவங்களைத் திருப்பி அனுப்பாதீங்க. கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீங்க.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்குள் குழுவில் 30 வயது தாண்டிய எல்லோரும் பி.பி., சர்க்கரை பார்த்து, தீர்மான நோட்டில் பதிவு செய்யுங்கள். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் பெயரையும் எழுதுங்கள். வைத்தியத்துக்காகக் கந்துவட்டிக்குப் போகும் நிலை நம்மில் ஒருத்திக்கும் வரக் கூடாது.